நிறுத்து பட்டனை அழுத்தினால் பின்னணி த்ரெட் ஒழுங்காக நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: பைத்தானில் பைக்யூடி5 (விண்டோ, பட்டன் எல்லாம் தரும் கியூடி நூலகத்தின் பைத்தான் வடிவம்) வைத்து எழுதிய ஒரு டவுன்லோட் கருவி. பட்டியலில் உள்ள பெரிய கோப்புகளைப் பின்னணியில் ஒரு கியூத்ரெட், அதாவது விண்டோவோடு இணையாகத் தனியே ஓடும் கியூடியின் த்ரெட், ஒவ்வொன்றாக இறக்குகிறது. இறக்கி முடித்ததும் ஷா-256 ஹேஷ், அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண், கணக்கிட்டுச் சரிபார்க்கிறது. "நிறுத்து" பட்டனை அழுத்தினால் அந்த த்ரெட்டின் டெர்மினேட் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சில நேரம் மட்டும் மொத்த விண்டோவும் உறைந்துபோகிறது. நடுவில் விண்டோவை மூடினாலோ, த்ரெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்து அப்ளிகேஷன் கிராஷ் ஆகிறது. பாதுகாப்பாக நிறுத்துவது எப்படி?

முதல் வேலையாக அந்த டெர்மினேட் வரியை எடுத்துவிடுங்கள். ஒரு த்ரெட்டை வெளியிலிருந்து பாதுகாப்பாக நிறுத்த வழியே கிடையாது. "போதும், நின்றுகொள்" என்று சொல்ல மட்டும்தான் முடியும். எந்த இடத்தில் நிற்பது என்பதை ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் முடிவு செய்ய வேண்டும், அந்த இடங்களை நீங்கள்தான் அதற்குள் எழுதிவைக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

"சில நேரம் மட்டும்" ஏன் உறைகிறது என்பதை முதலில் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் டெர்மினேட் பக்கம் போகவே மனம் வராது. விண்டோஸில் கியூத்ரெட்டின் டெர்மினேட், இயங்குதளத்தின் டெர்மினேட்த்ரெட் என்ற அழைப்பைத்தான் கடைசியில் கூப்பிடுகிறது. அது த்ரெட்டை அந்த நொடியில் எந்த வரியில் இருக்கிறதோ அங்கேயே வெட்டிவிடும். த்ரெட் ஏதாவது லாக்கை (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்திருந்தால் அந்த லாக் திறக்கப்படாது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட ஆள் அப்படியே மாயமாகிவிட்டால் வெளியே நிற்பவர்கள் கதி என்ன, அதே கதிதான். மெமரி ஒதுக்கிக்கொண்டிருந்த கணத்தில் வெட்டப்பட்டால் மெமரியின் பொதுக் கிடங்கான ஹீப்பின் லாக் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு வேறு எந்த த்ரெட் மெமரி கேட்டாலும் அங்கேயே நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் ஆவணமே இதையெல்லாம் வரிசையாகச் சொல்லித்தான் எச்சரிக்கிறது.

பைத்தானில் இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது: ஜிஐஎல். வழக்கமான பைத்தானில் நிரல் வரியை ஓட்டும் எந்த த்ரெட்டும் அந்த ஒரே லாக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். உங்கள் த்ரெட் நெட்வொர்க்கில் தரவுக்காகக் காத்திருக்கும்போது ஜிஐஎல்லை விட்டுவிட்டுத்தான் காத்திருக்கிறது. ஹேஷ் கணக்கிடும்போதும், கொஞ்சம் பெரிய துண்டு என்றால், பைத்தானின் ஹேஷ்லிப் மாட்யூல் ஜிஐஎல்லை விட்டுவிடுகிறது. டவுன்லோட் த்ரெட்டின் பெரும்பாலான நேரம் இந்த இரண்டில்தான் போகிறது. அதனால்தான் பெரும்பாலான தடவை டெர்மினேட் "வேலை செய்கிறது". ஆனால் துண்டுகளுக்கு நடுவே, புரோகிரஸ் சதவீதத்தைக் கணக்கிடும் இரண்டு வரிகளில் த்ரெட் இருக்கும்போது பட்டன் அழுத்தப்பட்டால், ஜிஐஎல்லைக் கையில் பிடித்தபடியே அது செத்துப்போகும். விண்டோவை நடத்தும் மெயின் த்ரெட் அடுத்த பைத்தான் வரியை ஓட்ட ஜிஐஎல் கேட்கும், கிடைக்காது, இனி எப்போதும் கிடைக்காது. விண்டோ உறைகிறது. எர்ரர் செய்தியும் வராது, ஏனென்றால் அதை அச்சிட வேண்டிய பைத்தானே நின்றுவிட்டது.

லினக்ஸில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கியூடி உள்ளே பீத்ரெட்-கேன்சல் அழைக்கிறது. அது இயல்பாக ரீட், ஸ்லீப் மாதிரியான குறிப்பிட்ட அழைப்புகளில் மட்டும்தான் த்ரெட்டை முடிக்கும். ஆகவே வெறும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் லூப் டெர்மினேட்டைக் கண்டுகொள்ளாமலே ஓடலாம். ஒரே வரி, இரண்டு இயங்குதளங்களில் இரண்டு விதமாகக் கெட்டது.

இது பைத்தானின் குறையோ கியூடியின் குறையோ அல்ல. ஜாவாவில் த்ரெட்டை நிறுத்தும் ஸ்டாப் என்ற முறை தொடக்கத்திலேயே இருந்தது. 1998இல் வந்த 1.2 பதிப்பிலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே பிரச்சினை தலைகீழ்: ஸ்டாப் லாக்குகளைத் திறந்துவிடும், ஆனால் பாதி மாற்றப்பட்ட ஆப்ஜெக்ட் மற்ற த்ரெட்களின் கண்ணில் பட்டுவிடும். 2023இல் வந்த ஜாவா 20இலிருந்து அதை அழைத்தால் எக்ஸெப்ஷன் மட்டும்தான் வரும். டாட்நெட்டில் த்ரெட் அபார்ட் இருந்தது. டாட்நெட் கோர் அதை ஆதரிக்கவில்லை. சி++ தன் நிலையான த்ரெட் நூலகத்தில் கொல்லும் வழியை வைக்கவே இல்லை. சி++20இல் ஜேத்ரெட், ஸ்டாப்-டோக்கன் என்று வேண்டுகோள் வைக்கும் வழியைத்தான் கொடுத்தது. பைத்தானின் த்ரெடிங் மாட்யூலிலும் ஸ்டாப் கிடையாது. இத்தனை மொழிகளும் தனித்தனியே அலைந்து ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

சரி, வேண்டுகோள் வைப்பது எப்படி? பைத்தானில் என் முதல் தேர்வு த்ரெடிங் மாட்யூலின் ஈவென்ட், அதாவது த்ரெட்களுக்குப் பொதுவான ஒரு கொடி. தொடங்கும்போது ஒரு ஈவென்ட் உருவாக்கி வேலை செய்யும் த்ரெட்டிடம் கொடுங்கள். நிறுத்து பட்டன் அதன் செட் முறையை அழைக்கும். த்ரெட் ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு இஸ்-செட் என்று கேட்டுப் பார்க்கும். கியூடி 5.2இலிருந்து கியூத்ரெட்டிலேயே ரிக்வெஸ்ட்-இன்டரப்ஷன், இஸ்-இன்டரப்ஷன்-ரிக்வெஸ்டட் என்ற ஜோடி இருக்கிறது. அதுவும் நல்லதுதான், ரிக்வெஸ்ட்-இன்டரப்ஷனை எந்த த்ரெட்டிலிருந்து வேண்டுமானாலும் அழைக்கலாம். ஆனாலும் ஈவென்ட்டைப் பரிந்துரைக்க இரண்டு காரணம். ஒன்று, வேலை செய்யும் வகுப்புக்குக் கியூடி என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை, விண்டோ இல்லாமலேயே டெஸ்ட் எழுதலாம். இரண்டு, ஈவென்ட்டில் காத்திருக்க முடியும். சர்வர் பதில் தராதபோது முப்பது நொடி கழித்து மறுபடி முயல ஸ்லீப் போட்டிருப்பீர்கள். அந்த முப்பது நொடியும் த்ரெட்டுக்குக் காது கேட்காது. அதற்குப் பதில் ஈவென்ட்டின் வெயிட்டை முப்பது நொடி வரம்போடு அழையுங்கள்: யாரும் நிறுத்தாவிட்டால் முப்பது நொடி தூங்கும், நிறுத்தினால் உடனே எழுந்து ட்ரூ என்று சொல்லும். நிரலில் ஸ்லீப் என்று தேடி, பின்னணியில் ஓடும் ஒவ்வொன்றையும் இப்படி மாற்றுவது ஐந்து நிமிட வேலை, பலன் பெரிது.

வெறும் பூலியன் மாறி போதாதா என்று கேட்பீர்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானான சிபைத்தானில் நடைமுறையில் ஓடும். ஆனால் அதே பழக்கத்தோடு சி++க்குப் போனால் அங்கே அது டேட்டா ரேஸ், அதாவது பாதுகாப்பில்லாமல் இரண்டு த்ரெட் ஒரே மாறியைத் தொடுவது. கம்பைலர் அந்த மாறியை லூப்புக்கு வெளியே ஒரே தடவை படித்துவிட்டு மறந்துவிடலாம். சி++இல் அட்டாமிக் பூல், ஜாவாவில் வாலடைல் என்று எழுத வேண்டும். சி++இன் வாலடைல் இந்த வேலைக்கு ஆகாது.

இனி கியூடியில் எல்லோரும் வந்து மாட்டும் இரண்டு இடங்கள். முதலாவது, குவிட். பெயரைப் பார்த்தால் நிறுத்திவிடும் போலத்தான் இருக்கும். ஆனால் குவிட், அந்த த்ரெட்டுக்குள் ஓடும் ஈவென்ட் லூப்பை (வரிசையில் வருவதை ஒவ்வொன்றாக எடுத்துக் கையாளும் சுழற்சி; மேலே சொன்ன ஈவென்ட் வேறு) முடிக்கச் சொல்வது மட்டுமே. நீங்கள் ரன் முறையை மாற்றி எழுதி உள்ளே ஒரு வைல் லூப் போட்டிருந்தால் அங்கே ஈவென்ட் லூப்பே இல்லை. குவிட் எதுவும் செய்யாது. அதையடுத்து வெயிட் அழைத்தால் மெயின் த்ரெட் காலவரையின்றி உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. வொர்க்கர் ஆப்ஜெக்ட்டை மூவ்-டு-த்ரெட் மூலம் இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்பும் முறையில், "ஸ்டாப்" என்று ஒரு ஸ்லாட், அதாவது சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன், எழுதி, பட்டனின் கிளிக்ட் சிக்னலை அதோடு இணைப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் வொர்க்கர் இப்போது வேறு த்ரெட்டில் வாழ்கிறது, ஆகவே சிக்னல் அந்த த்ரெட்டின் வரிசையில் போய்ச் சேரும். அந்த த்ரெட்டோ உங்கள் நீண்ட டவுன்லோட் ஸ்லாட்டுக்குள் இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் வரிசையைப் பார்க்கும். அதாவது எல்லாக் கோப்பையும் இறக்கி முடித்த பிறகு "நிறுத்து" என்ற செய்தி அதற்குக் கிடைக்கும். இதற்கு மருந்து, வொர்க்கருக்கு சிக்னல் அனுப்பாமல், பட்டன் கிளிக்கைக் கையாளும் மெயின் விண்டோவின் ஃபங்ஷனிலிருந்தே ஈவென்ட்டின் செட்டை நேரடியாக அழைப்பது. ஈவென்ட் அதற்கென்றே செய்யப்பட்டது. எந்த த்ரெட்டிலிருந்து தொட்டாலும் பத்திரம்.

சொல்லியாகிவிட்டது, எவ்வளவு சீக்கிரம் கேட்கும்? இதைப் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. உங்கள் கருவி ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ஸ்ட்ரீம் முறையில் 64 கேபி துண்டுகளாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 எம்பி வேகத்தில் ஒரு துண்டு வர 60 மில்லி நொடி சொச்சம். பட்டனை அழுத்தியதும் நின்றது போலவே இருக்கும். அதே கருவி, மொபைல் இணைப்பு நொந்துபோய் நொடிக்கு 20 கேபி வரும் இடத்தில் ஓடினால் ஒரு துண்டுக்கு 3 நொடிக்கு மேல் ஆகும். 16 கேபி என்று குறைத்தால் அதே மோசமான இணைப்பிலும் 1 நொடிக்குள் அடங்கும். துண்டின் அளவை வேகமான இணைப்பை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், சகிக்க முடியாத இணைப்பை வைத்துத் தீர்மானியுங்கள். ஹேஷுக்கும் இதே பேச்சுதான்: 4 ஜிபி கோப்பை ஒரே மூச்சில் படித்து அப்டேட்டுக்குக் கொடுக்காமல், 1 எம்பி 1 எம்பியாகக் கொடுத்து, நடுவே கேட்டுக்கொள்ளுங்கள். மறுபக்கம், ஒவ்வொரு பைட்டுக்கும் கேட்டுப் பார்ப்பதும் வீண். நொடிக்குப் பத்துத் தடவை கேட்டால் மனிதக் கைக்கு அது உடனடிதான்.

துண்டே வராவிட்டால்? சர்வர் இணைப்பை ஏற்றுவிட்டு மௌனமாகிவிட்டால் உங்கள் லூப் அடுத்த சோதனைக்கு வரவே வராது. ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் வரம்பே கிடையாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். இணைப்புக்கு 5 நொடி, படிப்பதற்கு 5 நொடி என்று இரண்டையும் கொடுங்கள். இந்தப் படிக்கும் வரம்பு மொத்த டவுன்லோடுக்கானது அல்ல, அடுத்த தரவு வரும்வரை காத்திருக்கும் நேரத்துக்கானது. ஆகவே பெரிய கோப்பு பாதியில் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இதைக் கொடுத்தால், இணைப்பு அடியோடு செத்துப்போன நிலையிலும் சில நொடிகளில் த்ரெட் ஒரு முடிவுக்கு வந்துவிடும். பெயரிலிருந்து ஐபி முகவரி தேடும் கட்டம் மட்டும் இந்த வரம்புக்குள் வராது. அதை நடுவில் நிறுத்தவும் முடியாது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காத்திருக்கும் மற்ற இடங்களுக்கும் தனித்தனி வழி உண்டு. கியூவில் (த்ரெட்களுக்கு இடையே வேலைகளைக் கைமாற்றும் வரிசை) கெட் போட்டுக் காத்திருக்கும் த்ரெட்டை எழுப்ப, முடிந்தது என்று பொருள்படும்படி பைத்தானின் "நன்" என்ற வெற்று மதிப்பை அதில் போடுங்கள், பைத்தான் 3.13இலிருந்து கியூவுக்கு ஷட்டவுன் முறையே வந்துவிட்டது. நீங்களே சாக்கெட் எழுதியிருந்தால், இன்னொரு த்ரெட் அதில் படித்துக்கொண்டிருக்கும்போது க்ளோஸ் செய்வதை நம்பாதீர்கள். லினக்ஸில் அது படிக்கும் த்ரெட்டை எழுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. டிசிபி இணைப்பில் ஷட்டவுன் எழுப்பும். எஸ்க்யூலைட்டில் நீளமான குவெரி ஓடினால் கனெக்‌ஷனின் இன்டரப்ட் முறையை வேறு த்ரெட்டிலிருந்து அழைக்கலாம்; அது அதற்காகவே வைக்கப்பட்டது. எஃப்எஃப்எம்பெக் மாதிரி வெளி புரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்தால், அந்தப் புரோசஸை முடிக்கச் சொல்லுங்கள், அதற்காகக் காத்திருந்த த்ரெட் தானாக விடுபடும்.

அப்புறம், சோதனைகளை எங்கே வைப்பது என்ற கேள்வி. லூப் ஒரே ஃபங்ஷனுக்குள் இருந்தால் ஒரு இஃப் போதும். நாலு அடுக்கு ஆழத்தில் இருந்தால் ஒவ்வொரு அடுக்கும் "நிறுத்தச் சொன்னார்கள்" என்று மேலே மேலே திருப்பிச் சொல்வது சலிப்பான வேலை, எங்காவது ஒரு அடுக்கில் விட்டுப்போகும். அங்கே ஒரு எக்ஸெப்ஷன்தான் சுத்தம்: "நிறுத்தப்பட்டது" என்று ஒரு வகுப்பு, சோதிக்கும் ஃபங்ஷன், ஈவென்ட் செட் ஆகியிருந்தால் அதை எறியும், வழியில் உள்ள ஃபைனலி எல்லாம் ஒழுங்காக ஓடி, ரன் முறையின் உச்சியில் பிடிக்கப்படும். சி# காரர்கள் கேன்சலேஷன் டோக்கனோடு செய்வதும் இதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மறுமுயற்சி எழுதும் எல்லோரும் "எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் பிடித்து, மூன்று தடவை முயன்று பார்" என்று எழுதுவோம். அது உங்கள் நிறுத்தும் எக்ஸெப்ஷனையும் விழுங்கிவிட்டு, மறுபடி டவுன்லோடைத் தொடங்கும். அசிங்க்ஐஓவின் கேன்சல்ட்-எர்ரரை பைத்தான் 3.8இல் எக்ஸெப்ஷனின் கீழிருந்து பேஸ்-எக்ஸெப்ஷனின் கீழே நகர்த்தியது இந்தத் தலைவலிக்காகத்தான். உங்களுடையதையும் அங்கேயே வையுங்கள், எக்ஸெப்ஷனை மட்டும் பிடிக்கும் வரியில் அது சிக்காது.

ரன்னின் உச்சியில் மற்ற எக்ஸெப்ஷன்களையும் பிடித்தே ஆக வேண்டும். பைக்யூடி 5.5இலிருந்து, பிடிக்கப்படாத பைத்தான் எக்ஸெப்ஷன் ஒன்று இப்படி வெளியே வந்தால் மொத்த அப்ளிகேஷனையும் அபார்ட் செய்துவிடும். ஆக த்ரெட்டுக்கு மூன்று முடிவுகள்: முழுதாக முடிந்தது, கேட்டதால் நின்றது, பிழையால் நின்றது. மூன்றையும் தனித்தனி விஷயமாக மெயின் விண்டோவுக்குச் சொல்லுங்கள். பயனர் தானே நிறுத்தியதற்குச் சிவப்பு எழுத்தில் "டவுன்லோட் தோல்வி" என்று காட்டுவது அவரைக் குற்றவாளியாக்குவது மாதிரி, தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதுவரை த்ரெட்டின் பக்கம். விண்டோவின் பக்கத்தில் ஒரே கட்டளை: மெயின் த்ரெட் காத்திருக்கக் கூடாது. செட் அழைத்த அடுத்த வரியில் வெயிட் போடும் ஆசை எல்லோருக்கும் வரும், "நின்ற பிறகு பட்டனை மாற்றிவிடலாமே" என்று. அந்த வெயிட் நீடிக்கும் நேரமெல்லாம் விண்டோ வரையப்படாது, நகராது. 5 நொடி தாண்டினால் விண்டோஸ் அதைப் பதிலளிக்காத அப்ளிகேஷனாகக் கருதி மங்கலாக்கிவிடும். பயனர் டாஸ்க் மேனேஜரில் போய் கொன்றுவிடுவார். நீங்கள் தவிர்க்க நினைத்த அதே வன்முறை. இன்னும் மோசம், த்ரெட் மெயின் விண்டோவின் பதிலுக்காகக் காத்திருக்கும் வகையில் சிக்னல் அனுப்பியிருந்தால், அதாவது பிளாக்கிங்-க்யூட் இணைப்பு இருந்தால், அந்த த்ரெட் மெயின் த்ரெட்டுக்காகவும் மெயின் த்ரெட் அதற்காகவும் காத்திருக்க இரண்டும் நகராது.

சரியான ஓட்டம் இப்படி. பட்டனை அழுத்தியதும் ஈவென்ட்டை செட் செய்யுங்கள். பட்டனை முடக்கி, அதன் எழுத்தை "நிறுத்துகிறது…" என்று மாற்றுங்கள். ஃபங்ஷன் அங்கேயே முடிந்துவிட வேண்டும். விண்டோ வழக்கம்போல் உயிரோடு இருக்கும். த்ரெட் தன் சோதனைக்கு வந்து, கோப்பை மூடி, ரன்னை விட்டு வெளியே வந்ததும் கியூத்ரெட்டின் ஃபினிஷ்ட் சிக்னல் வரும். அப்போதுதான் "தொடங்கு" பட்டனை மறுபடி திறக்க வேண்டும். அழுத்திய உடனேயே திறந்துவிட்டால், பழைய த்ரெட் இன்னும் அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பயனர் புதியதைத் தொடங்கிவிடுவார். ஒரே கோப்பில் இரண்டு த்ரெட்.

பழைய வேலையின் மிச்சம் இன்னொரு வழியிலும் வரும். த்ரெட் அனுப்பிய புரோகிரஸ் சிக்னல்கள் மெயின் த்ரெட்டின் வரிசையில் நிற்கின்றன. வொர்க்கர் முறையில் அதே த்ரெட்டுக்கு அடுத்த வேலையை உடனே கொடுத்துவிட்டால், புது டவுன்லோட் 0 சதவீதத்தில் இருக்கும்போது பழையதன் "73" வந்து பாரில் உட்காரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் கொடுத்து, சிக்னலிலேயே அந்த எண்ணையும் அனுப்பி, இப்போதைய எண்ணோடு பொருந்தாததைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

"இடைநிறுத்து" பட்டனும் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. இடைநிறுத்தத்துக்கு இன்னொரு ஈவென்ட் வைத்து, "தொடர்" என்று செட் ஆகும்வரை த்ரெட் அதில் தூங்கும். அந்தத் தூக்கத்தில் பயனர் "நிறுத்து" அழுத்தினால், நிறுத்தும் ஈவென்ட் செட் ஆகும், ஆனால் த்ரெட் மற்ற ஈவென்ட்டில் அல்லவா தூங்குகிறது! எழவே எழாது. நிறுத்தும்போது இரண்டையும் செட் செய்யுங்கள், முதலில் நிறுத்துவதை, பிறகு தொடர்வதை. வரிசை மாறினால் த்ரெட் எழுந்து, நிறுத்தச் சொல்லவில்லை என்று நினைத்து ஒரு துண்டு கூடுதலாக இறக்கிவிட்டுத்தான் நிற்கும்.

விண்டோவை மூடும்போது வரும் கிராஷுக்கு வருவோம். கியூத்ரெட் ஆப்ஜெக்ட் அழியும்போது உள்ளே த்ரெட் ஓடிக்கொண்டிருந்தால், கியூடி அந்தச் செய்தியைப் போட்டுவிட்டு அப்ளிகேஷனையே நிறுத்துகிறது. பைத்தானில் இது விண்டோ மூடும்போது மட்டுமல்ல, கியூத்ரெட்டை ஃபங்ஷனுக்குள் ஒரு லோக்கல் மாறியில் வைத்தாலும் நடக்கும்: ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் கழித்துவிடும். ஆகவே செல்ஃபில், அதாவது விண்டோ ஆப்ஜெக்ட்டின் சொந்த மாறியாக, வைத்துக்கொள்ளுங்கள், ஃபினிஷ்ட் வரும்வரை விடாதீர்கள். வந்த பிறகு டிலீட்-லேட்டர் போட்டால், கூடவே அந்த மாறியை "நன்" ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு தெரியாமல் தொட்டால், உள்ளிருக்கும் சி++ ஆப்ஜெக்ட் அழிந்துவிட்டது என்று ரன்டைம் எர்ரர் வரும்.

மூடும் நிகழ்வில், அதாவது க்ளோஸ்-ஈவென்ட்டில், இப்படிச் செய்யலாம். த்ரெட் ஓடவில்லையா, அனுமதித்துவிடுங்கள். ஓடுகிறதா, அந்த நிகழ்வை இக்னோர் செய்து, "மூட வேண்டும்" என்று ஒரு குறி வைத்து, நிறுத்தும் ஈவென்ட்டை செட் செய்து, "இறக்குவதை நிறுத்திவிட்டு மூடுகிறது" என்று ஒரு வரி காட்டுங்கள். ஃபினிஷ்ட் சிக்னலைக் கையாளும் இடத்தில் அந்தக் குறி இருந்தால் க்ளோஸை மறுபடி அழையுங்கள். இந்தத் தடவை த்ரெட் இல்லை, நேராக மூடிவிடும். மேலே சொன்ன டைம்அவுட்களைக் கொடுத்திருந்தால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. டீமன் த்ரெட் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். டீமன் என்றால் அப்ளிகேஷன் முடியும்போது அந்த த்ரெட்டுக்காகக் காத்திருக்க மாட்டோம் என்று பொருள், அவ்வளவுதான். திறந்த கோப்பு, பாதி எழுதிய பதிவு எல்லாம் அப்படியே அறுந்துபோகும். பைத்தான் ஆவணமும் இதையே சொல்கிறது.

பாதிக் கோப்பைப் பற்றி. இறக்கும்போது கோப்பின் உண்மைப் பெயரில் எழுதாதீர்கள். கடைசியில் பார்ட் என்று ஒட்டிய தற்காலிகப் பெயரில், அதே ஃபோல்டருக்குள் எழுதி, ஷா-256 சரியாக இருந்தால் மட்டும் ஓஎஸ் மாட்யூலின் ரிப்ளேஸ் மூலம் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். உண்மைப் பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அது முழுமையானது என்று நம்பலாம், நடுவில் அப்ளிகேஷனே கிராஷ் ஆனாலும் பாதிக் கோப்பு அந்தப் பெயரில் இருக்காது. நின்ற இடத்திலிருந்து தொடரவும் இந்தப் பார்ட் கோப்பு உதவும்: ரேஞ்ச் ஹெடரில் எத்தனையாவது பைட்டிலிருந்து வேண்டும் என்று கேளுங்கள். சர்வர் 206 என்றால் கடைசியில் சேர்த்து எழுதுங்கள்; 200 என்றால் முழுக் கோப்பையும் முதலிலிருந்து அனுப்புகிறது என்று பொருள், பார்ட்டைக் காலி செய்துவிட்டு எழுதுங்கள். இதைப் பார்க்காமல் ஒட்டினால் கோப்பு வீங்கும், ஹேஷ் பொருந்தாது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: த்ரெட் உண்மையிலேயே வேண்டுமா? டவுன்லோட் மட்டும் என்றால் கியூடியின் நெட்வொர்க் அக்சஸ் மேனேஜர் த்ரெட் இல்லாமலேயே பின்னணியில் இறக்கும். நிறுத்த, ரிப்ளை ஆப்ஜெக்ட்டின் அபார்ட்டை அழைத்தால் போதும், இணைப்பை மூடிவிட்டு ஃபினிஷ்ட் சிக்னலும் தரும். அப்போது த்ரெட் ஹேஷுக்கு மட்டும்தான் தேவைப்படும். புதிதாக எழுதுவதாக இருந்தால் நான் அந்த வழியில்தான் போவேன். இருக்கும் நிரலை மாற்றுவதற்கு ஈவென்ட் வழி குறைந்த வேலை.

ஈவென்ட் எந்த வகையிலும் உதவாத வேலைகளும் உண்டு. நம்பை என்ற கணித நூலகத்தில் ஒரே அழைப்பில் இரண்டு நிமிடம் ஓடும் கணக்கு, நீங்கள் எழுதாத சி நூலகம், சோதனை வைக்க இடமே இல்லாதவை. அவற்றைத் தனிப் புரோசஸில் ஓட்டுங்கள். புரோசஸைக் கொன்றால் அதன் மெமரி, அதன் ஹீப் லாக், அதன் ஜிஐஎல் எல்லாம் அதோடு போய்விடும். உங்கள் விண்டோவின் புரோசஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அங்கேயும் ஒன்று: மல்டிபுரோசஸிங் கியூவில் எழுதிக்கொண்டிருக்கும்போது கொன்றால் அந்தக் கியூ கெட்டுப்போகலாம். ஆகவே கொல்லப்படக்கூடிய ஒவ்வொரு புரோசஸுக்கும் தனிக் கியூ கொடுத்து, கொன்றதும் கியூவையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்னொரு த்ரெட்டுக்குள் எக்ஸெப்ஷனைத் திணிக்கும் ஒரு அழைப்பு பைத்தானின் சி ஏபிஐயில் இருக்கிறது, அதை சிடைப்ஸ் வழியாக அழைக்கலாம் என்றும் சிலர் சொல்லித் தருவார்கள். த்ரெட் பைத்தான் வரிகளை ஓட்டும்போதுதான் அது போய்ச் சேரும், நெட்வொர்க்கில் மாட்டியிருக்கும்போது சேராது. சேரும்போது உங்கள் ஃபைனலியின் நடுவில்கூட வந்து விழும். வேண்டாம்.

கியூடி இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. டிகின்டரில் பின்னணி த்ரெட்டிலிருந்து விட்ஜெட்டைத் தொடாதீர்கள். கியூவில் போடுங்கள், மெயின் த்ரெட் ஆஃப்டர் மூலம் 100 மில்லி நொடிக்கு ஒருமுறை எடுத்துக் காட்டட்டும். ஜாயின் அழைக்க வேண்டாம், அதே ஆஃப்டரில் இஸ்-அலைவ் பாருங்கள். ஜாவா ஸ்விங்கில் ஸ்விங்வொர்க்கரின் கேன்சல். இன்டரப்டட் எக்ஸெப்ஷன் வந்தால் காலி கேட்ச் போட்டு விழுங்காதீர்கள். வின்ஃபார்ம்ஸில் கேன்சலேஷன் டோக்கன். த்ரெட்டிலிருந்து இன்வோக் போட்டு மெயினில் ஜாயின் போட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், பிகின்-இன்வோக் போடுங்கள். டெல்ஃபியில் டெர்மினேட் என்பது நிற்கச் சொல்லும் கொடி மட்டும்தான், கியூடியின் டெர்மினேட் மாதிரி கொல்வதல்ல. அங்கிருந்து வருபவர்கள் கவனிக்க.

மாற்றிய பிறகு நன்றாக இருக்கும் இணைப்பில் மட்டும் சோதிக்காதீர்கள். டவுன்லோட் நடுவில் வைஃபையை அணைத்துவிட்டு "நிறுத்து" அழுத்துங்கள். மறுமுயற்சிக்காகத் தூங்கும்போது அழுத்துங்கள். இடைநிறுத்தத்தில் இருக்கும்போது விண்டோவை மூடுங்கள். தொடங்கு, நிறுத்து இரண்டையும் மாற்றி மாற்றி வேகமாக அழுத்துங்கள். எங்காவது நிற்காமல் தொங்கினால் ஊகிக்க வேண்டியதில்லை: பை-ஸ்பை என்ற கருவியின் டம்ப் கட்டளைக்கு அந்தப் புரோசஸின் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் எந்தக் கோப்பின் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டிவிடும். பின்னணி த்ரெட் நிற்கும் அந்த வரியில் டைம்அவுட் இல்லாத ஒரு காத்திருப்பு இருக்கும். அதற்கு ஒரு வரம்பு கொடுத்துவிட்டு, அடுத்ததைத் தேடுங்கள்.